ரிங்கு சிங் (பேஸ்போல் பந்தெறிவாளர்)

ரிங்கு சிங் ராஜ்புத் (பிறப்பு: 8 ஓகஸ்ட் 1988) ஐக்கிய அமெரிக்காவின் மைனர் லீக் பேஸ்போலில் ஆடிய இந்தியப் பந்தெறிவாளர், இடக்கைக்காரர். 2008 ஆம் ஆண்டு வரை பேஸ்போல் பந்தைத் தொட்டறியாத அவர், அதே ஆண்டின் இறுதியில் பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் கழகத்துடன் ஒப்பந்தம் செய்தார். அவரும் தினேஷ் பட்டேலும்தான் அமெரிக்கத் தொழில்முறைக் கழகமொன்று ஒப்பந்தம் செய்த முதல் இந்தியர்கள். இவர்கள் கதை 2014 இல் டிஸ்னி நிறுவனத்தின் திரைப்படமாகவும் வந்தது. படம் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடுகிறது. ரிங்குவின் உண்மையான உழைப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

இளமை

உத்தரப் பிரதேசத்தின் பதோகி மாவட்டத்தில், கம்பளம் நெய்வதற்குப் பெயர்பெற்ற வட்டாரத்தில், ஒரு லொறிச் சாரதியின் மகனாகப் பிறந்தார். குடும்பம் பெரியது, வருமானம் சிறியது. ஈட்டி எறிதலில் காட்டிய திறமை அவரை லக்னோவிலுள்ள குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரிக்குக் கொண்டு சேர்த்தது. வாரணாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த தினேஷ் பட்டேலும் அங்கே ஈட்டி எறிபவராகவே பயின்றார்.

போட்டி

அமெரிக்க விளையாட்டு முகவரான ஜே. பி. பேர்ன்ஸ்டீன், இந்தியாவில் பேஸ்போல் எறியக்கூடிய கை ஒன்றையாவது கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பினார். அவரும் கூட்டாளிகளும் ‘மில்லியன் டொலர் ஆர்ம்’ என்ற தொலைக்காட்சிப் போட்டியை நடத்தினர். 37,000 பேருக்கு மேல் வந்து எறிந்து பார்த்தனர். 2008 இல் மணிக்கு 87 மைல், அதாவது ஏறத்தாழ 140 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்து வென்றவர் ரிங்கு. பத்து இலட்சம் டொலர் பெரும்பரிசு அவருக்கு எட்டவில்லை; ஓர் இலட்சம் டொலர் கிடைத்தது. இரண்டாமிடம் தினேஷுக்கு.

கிரிக்கெட்டில் ஊறிய நாட்டில் நடந்த போட்டியில் ஈட்டிக்காரர்கள் இருவர் முன்னால் வந்தது ஏன் என்பதைப் புத்தளம் கரையோர வாசகருக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். சிலாபத்திலோ உடப்பிலோ கற்பிட்டியிலோ பந்துவீசும் பிள்ளை ஓடிவந்து, கையை மடக்காமல் சுழற்றி, பந்தை நிலத்தில் குத்தித் துடுப்பாளரிடம் அனுப்புகிறான். வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது என்ற சர்வதேச விதி முத்தையா முரளிதரனைச் சுற்றி எழுந்த விவாதத்தால் இங்கே சிறுவருக்கும் தெரியும். பேஸ்போலில் அந்த விதியே கிடையாது. எறிபவர் ஓடிவருவதில்லை. மண்மேட்டில் பதித்த இறப்பர்ப் பலகையில் காலை வைத்து நின்று, முழங்கையை மடக்கி, தோளுக்கு மேலாக விசிறி எறிகிறார். இலக்கு 18.44 மீற்றர் தொலைவில். பந்து நிலத்தைத் தொடாமலே போய்ச் சேரவேண்டும். ஈட்டியை விடும் கையும் முழங்கையை மடக்கித் தோளுக்கு மேலாகத்தான் வருகிறது. ஆகவே பந்துவீச்சாளர் பழகிய கையை மறந்து தொடங்க வேண்டியிருந்தது. ஈட்டிக்காரர் பழகிய கையைத் திருத்திக்கொண்டால் போதுமாயிருந்தது.

பயிற்சியும் ஒப்பந்தமும்

இருவரும் 2008 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் சென்று, தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் டொம் ஹவுஸிடம் பயின்றனர். அமெரிக்க பேஸ்போலின் உச்சப் படியான மேஜர் லீக்கில் முன்னர் பந்தெறிந்த ஹவுஸ், உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவரது மாணவர் இருவரும் ஆட்டத்தின் விதிகளையும் ஆங்கிலத்தையும் ஒரேசமயத்தில் கற்க வேண்டியிருந்தது. கையுறை அணிவதே புதிது. முதல் தளத்தில் நிற்கும் ஓட்டக்காரரை எப்படிக் கண்காணிப்பது, பிடிப்பவர் விரலால் காட்டும் குறிப்பு எதைச் சொல்கிறது என்பதெல்லாம் அமெரிக்கச் சிறுவர் எட்டு வயதிலேயே அறிந்த பாடங்கள்.

நவம்பரில் அரிஸோனாவின் டெம்பி நகரில் கழகங்களின் தேர்வாளர்கள் முன்னிலையில் எறிந்து காட்டினர். 24 நவம்பர் 2008 அன்று பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது.

மைனர் லீக் ஆண்டுகள்

மேஜர் லீக்கின் 30 கழகங்கள் ஒவ்வொன்றின் கீழும் பல படிகளில் மைனர் லீக் அணிகள் உள்ளன. அடியில் ரூக்கி, அதன்மேல் சிங்கிள் ஏ வகைகள், பிறகு டபுள் ஏ, உச்சியில் டிரிபிள் ஏ. ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிகளிலிருந்தும் இலத்தீன் அமெரிக்காவிலிருந்தும் புதியவர்கள் வந்து சேர்வதால், படியேறாதவருக்கு இடம் நிலைப்பதில்லை. பெரும்பாலோர் மேஜர் லீக்கைக் காணாமலே வீடு திரும்புகின்றனர். நீண்ட பஸ் பயணம், குறைந்த சம்பளம், பகிர்ந்துகொள்ளும் அறை ஆகியவையே அன்றைய மைனர் லீக் வாழ்க்கை. வீரர்கள் தொழிற்சங்கத்தில் இணைந்து முதல் கூட்டு ஒப்பந்தத்தைப் பெற்றது 2023 இல்தான்.

ரிங்கு ஃபுளோரிடாவின் கல்ஃப் கோஸ்ட் லீக்கில், ரூக்கிப் படியில் தொடங்கினார். 2009 ஜூலை 4 அன்று முதன்முதலாகக் களமிறங்கினார். ஒன்பது நாட்களின் பின், யாங்கீஸ் கழகத்தின் ரூக்கி அணிக்கெதிராகத் தாம் சந்தித்த ஒரேயொரு மட்டையாளரை ஸ்ட்ரைக் அவுட் செய்து (பந்தை அடிக்கவிடாமல் ஆட்டமிழக்கச் செய்து) முதல் வெற்றியைத் தம் பெயரில் எழுதிக்கொண்டார். அந்தப் பருவத்தில் 11 ஆட்டங்கள், அவர் பெயரில் ஒரு வெற்றி, இரு தோல்விகள், ஈட்டிய ஓட்டச் சராசரி 5.84. களத்தடுப்புத் தவறால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இனிங்ஸுக்குப் பந்தெறிவாளர் எத்தனை ஓட்டங்கள் விட்டுக்கொடுக்கிறார் என்பதை இந்தச் சராசரி காட்டுகிறது. எண் குறையக் குறைய எறிபவர் சிறந்தவர்.

எண் குறைந்தது. 2010 டிசம்பரில் கழகம் தினேஷை விடுவித்தபோது, ரிங்கு தனித்து நின்று தொடர்ந்தார். ஸ்டேட் கொலேஜ் ஸ்பைக்ஸ் அணிக்கும், 2011 இல் முழுப்பருவ சிங்கிள் ஏ அணியான வெஸ்ட் வேர்ஜினியா பவருக்கும் உயர்ந்தார். வடக்கில் குளிர்காலம் வந்தால் மற்றவர்கள் ஓய்வெடுப்பார்கள். அவர் அவுஸ்திரேலிய லீக்கின் கான்பெரா கவல்ரி அணிக்குப் போய் எறிந்தார்.

2012 அவரது மிகச் சிறந்த பருவம். பவர் அணிக்காக 39 ஆட்டங்களில், இடையில் புகுந்து எறிபவராக, 72 இனிங்ஸ் எறிந்து 65 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். சராசரி 3.00. போட்டி மேடையில் வேகமானியைப் பார்த்து எறிந்த இளைஞன், நான்கே ஆண்டுகளில், சிறுவயது முதல் இதையே தொழிலாக எண்ணி வளர்ந்த மட்டையாளர்களுக்கு எதிராக ஒரு முழுப் பருவமும் தாக்குப்பிடித்தான். அந்தக் கையால் என்ன முடிந்தது என்பதற்கு ஒப்பந்தக் கையெழுத்தைவிட இந்த 72 இனிங்ஸே வலுவான சான்று.

காயம்

2013 இல் முழங்கை கைவிட்டது. அவருக்கு டொமி ஜோன் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. முழங்கையின் உட்புறத்தில் அறுந்த, எலும்புகளை இணைக்கும் நாருக்குப் பதிலாக உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த தசைநாணைப் பொருத்தும் இந்தச் சிகிச்சையை 1974 இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்தார். பெயர், அதை ஏற்றுக்கொண்ட பந்தெறிவாளருடையது. டொமி ஜோன் அதன் பின் 1989 வரை எறிந்தார். ரிங்குவுக்கு அப்படி அமையவில்லை. கழகம் அவரைத் தன்னோடு வைத்திருந்தும், 2012 இன் பின் அவர் மைனர் லீக் ஆட்டமொன்றிலும் எறியவேயில்லை.

பேஸ்போலை விட்டு, 2018 ஜனவரியில் டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்த நிறுவனத்தில் சேர்ந்து, பின்னர் ‘வீர் மஹான்’ என்ற பெயரில் மேடையேறினார்.

திரைப்படம்

கிரேக் கில்லெஸ்பி இயக்கிய ‘மில்லியன் டொலர் ஆர்ம்’ படத்தில் முகவராக ஜோன் ஹாம், ரிங்குவாக சூரஜ் சர்மா, தினேஷாக மதுர் மிட்டல் நடித்தனர். இசை ஏ. ஆர். ரஹ்மான். கதை முகவரின் வாழ்வை மையமாகக் கொண்டதால், எறிந்தவர்களின் பருவங்களுக்கு அதில் இடமில்லை.

பின்வந்த மாற்றங்கள்

2021 இல் மைனர் லீக் கழகங்களின் எண்ணிக்கை 160 இலிருந்து 120 ஆகக் குறைக்கப்பட்டது. ரிங்கு முதலில் ஆடிய கல்ஃப் கோஸ்ட் லீக் பெயர் மாறியது. அவர் உயர்ந்துசென்ற ஸ்டேட் கொலேஜ், வெஸ்ட் வேர்ஜினியா அணிகள் இரண்டும் மேஜர் லீக் கழகங்களின் கிளை என்ற தகுதியை இழந்தன. தாய்வழியில் இந்திய வேர் கொண்ட, அமெரிக்காவிலேயே பிறந்த குமார் ரொக்கர் 2024 செப்டெம்பரில் டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்காக, ரிங்கு எட்டாத மேஜர் லீக்கில் பந்தெறிந்தார். பேஸ்போல் இலங்கையையும் எட்டியுள்ளது. எல்லே என்ற உள்ளூர் ஆட்டத்தால் மட்டைக்குப் பழகிய கைகள் இங்கே ஏற்கெனவே உண்டு. தியகமவில் ஜப்பானின் உதவியுடன் 2012 இல் பேஸ்போல் மைதானம் திறக்கப்பட்டது. 2019 இல் தாய்வானில் நடந்த ஆசியப் போட்டியில் இலங்கை அணியும் ஆடியது.