கண்ணாடி வந்த கதை, போன கதை

காமிரா வாங்க வேண்டும் என்ற ஆசை ஒருவருக்குப் பிறந்துவிட்டால், ஆலோசனை சொல்ல ஊரே திரண்டு வந்துவிடும். தலைவலிக்கு மருந்து சொல்பவர்களைவிடக் காமிரா சொல்பவர்கள் அதிகம். "மிர்ரர்லெஸ் வாங்குங்கள், கண்ணாடி வைத்த காமிராவெல்லாம் மலையேறிப் போயிற்று" என்பார் ஒருவர். "வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், புல் பிரேமாக வாங்கிவிடுங்கள், மற்றதெல்லாம் அரைகுறை" என்பார் இன்னொருவர். சரி ஐயா, அந்தக் கண்ணாடி முதலில் எதற்காக உள்ளே வந்தது? 'புல்' என்கிறீர்களே, எதனுடைய முழு அளவு அது? இப்படிக் கேட்டால் ஆலோசகர்களுக்குத் திடீரென்று வேறு வேலை ஞாபகம் வந்துவிடுகிறது. கடைக்குப் போகும் முன் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொள்வது நல்லது. பணம் நம்முடையது அல்லவா?

விடை ஜெர்மனியில் லான் நதிக்கரையிலுள்ள வெட்ஸ்லார் என்னும் பழைய ஊரில் ஆரம்பமாகிறது. அங்கே லைட்ஸ் என்ற கம்பெனி மைக்ராஸ்கோப்புகள் செய்து பெயர் பெற்றிருந்தது. 1911-ல் ஆஸ்கர் பார்னாக் என்ற மெக்கானிக் அங்கே வேலைக்கு வந்து, சீக்கிரமே பரிசோதனைப் பிரிவின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். முப்பதைத் தாண்டிய வயது. அபாரமான கைத்திறன். ஆனால் மூச்சு மட்டும் அவர் சொன்னபடி கேட்காது, ஆஸ்துமா.

இந்த மனிதருக்குப் போட்டோ எடுப்பதில் மோகம். தொழில் அல்ல, நம்மைப் போல வெறும் பொழுதுபோக்குத்தான். அந்தக் காலத்தில் அவர் வைத்திருந்த காமிராவில் 13×18 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகளைப் போட வேண்டும். தகடுகள், அவற்றுக்கான உறைகள், முக்காலி எல்லாம் சேர்ந்தால் ஒரு சுமைக்கூலி வேண்டும். காடு மலை என்று நடக்க ஆசைப்படும் ஆஸ்துமாக்காரர் இதைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால் என்ன ஆகும்? பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார். படம் எடுப்பதற்கு மூச்சு வேண்டுமா, காமிராவைச் சுமப்பதற்கு மூச்சு வேண்டுமா என்பதுதான் அவருடைய பிரச்னை. சிறிய காமிராவின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் லென்ஸையும் ஷட்டரையும் பற்றி எவ்வளவோ எழுதுகிறார்கள். அந்த இரைப்புக்குத்தான் முதல் மரியாதை செய்ய வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சினிமாப் படம் பிடிக்கும் கருவி ஒன்றிலும் பார்னாக் வேலை செய்துகொண்டிருந்தார். ஆகையால் 35 மில்லிமீட்டர் சினிமா பிலிம் கைவசம் இருந்தது. அதில் ஒரு படத்தின் அளவு 18×24 மில்லிமீட்டர். தபால் தலையைவிடச் சிறிது. அது போதாது என்று தோன்றவே, பிலிமைக் குறுக்காக ஓட விட்டு இரண்டு படத்தின் இடத்தை ஒன்றாக்கினார். 24×36 என்ற அளவு அப்படித்தான் பிறந்தது. சாஸ்திரம் பார்த்துத் தீர்மானித்த அளவு அல்ல; கைக்கு எட்டிய பிலிமை இரண்டால் பெருக்கியதுதான். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளக்கூடிய காமிரா 1914-ல் தயாராயிற்று. அதற்கு அவர் வைத்த செல்லப் பெயர் 'லில்லிபுட்'. குள்ளர்கள் வாழும் தேசத்தின் பெயர்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய தகட்டின் பரப்பில் இருபத்தேழில் ஒரு பங்குதான் இந்தப் புதிய படம். இதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் அந்தக் காலத்தில் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள். நெகட்டிவ் சிறிதாக இருக்கட்டும், படத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது பார்னாக்கின் எண்ணம். கம்பெனி முதலாளியான இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ், 1914-ல் அமெரிக்கா போனபோது அந்தக் குட்டிக் காமிராவையும் கையோடு கொண்டு போய் நியூயார்க்கில் படம் எடுத்துவிட்டு வந்தார். அதற்குள் மகாயுத்தம் மூண்டது. லில்லிபுட் பத்து வருஷம் தூங்கிற்று.

1923-ஐ ஒட்டிச் சுமார் இரண்டு டஜன் காமிராக்களை மாதிரிக்காகச் செய்து பலரிடம் கொடுத்துக் கேட்டார்கள். அபிப்பிராயங்கள் இரண்டுபட்டன. மார்க் மதிப்பிழந்து ஜெர்மனியே நிலைகுலைந்த சமயம் அது. ரூபாய் நோட்டைக் கூடையில் சுமந்துபோய்க் காய்கறி வாங்குவது போன்ற நிலை. அது அடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. மைக்ராஸ்கோப்புக் கம்பெனி பொம்மைக் காமிராவில் பணத்தைக் கொட்டலாமா? 1924 ஜூன் மாதம் நடந்த ஆலோசனைக் கூட்டத்தில் பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. கடைசியில் லைட்ஸ், துணிந்து இறங்குவது என்று முடிவு செய்தார். 1925-ல் லைப்சிக் சந்தையில் 'லைகா' வெளியாயிற்று. லைட்ஸின் 'லை'யும் காமிராவின் 'கா'வும் சேர்ந்த பெயர். லென்ஸைக் கணக்கிட்டுக் கொடுத்தவர் மாக்ஸ் பெரெக்.

இந்த லைட்ஸைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு, தம்மிடம் வேலை பார்த்த யூதர்களையும் வேறு பலரையும் கம்பெனி வேலை என்று சொல்லி அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் அனுப்பிக் காப்பாற்றினார். அவருடைய மகள் எல்ஸி ஒரு யூதப் பெண்மணி தப்பிச் செல்ல உதவப்போய் 1943-ல் சிறைப்பட்டாள். நல்ல காமிராவும் நல்ல மனிதர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள் என்பதை நினைக்கச் சந்தோஷமாக இருக்கிறது.

லைகாவில் கண்ணாடி கிடையாது. லென்ஸ் ஒரு பக்கம், கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னல் மேலே ஓரத்தில். பிரான்ஸ் தேசத்து கார்ட்டியே பிரெஸ்ஸான் 1932-ல் இதை வாங்கி, யாரும் கவனிக்காதபடி தெருத்தெருவாக நடந்து எடுத்த படங்கள் உலகப் பிரசித்தம். ஆனாலும் இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு உண்டு. முகத்துக்கு நேராக விரலை நீட்டிக்கொண்டு ஒரு கண்ணை மூடி மற்றொன்றைத் திறந்து பாருங்கள். விரல் இடம் மாறிக் குதிக்கும். ஜன்னல் பார்ப்பது ஒன்று, லென்ஸ் பார்ப்பது மற்றொன்று. தூரத்து மலைக்கு இதனால் மோசமில்லை. கிட்டத்தில் போய்ப் பூவை எடுத்தால் காம்பு வரும், பூ வராது. தொலைவிலுள்ளதைப் பக்கத்தில் இழுக்கும் நீண்ட லென்ஸ்களுக்கும் அந்தச் சிறு ஜன்னல் ஒத்துவராது.

லென்ஸ் பார்ப்பதையே நாமும் பார்த்தால் என்ன? இதற்காகத்தான் கண்ணாடி வந்தது. யோசனை மிகவும் பழையது. போட்டோ என்பதே பிறக்காத 1685-ல், யோஹான் ஸான் என்ற ஜெர்மானியத் துறவி, பெட்டிக்குள் சாய்வாகக் கண்ணாடி வைத்து, லென்ஸ் காட்டும் காட்சியை மேலே உள்ள தட்டில் விழச் செய்யும் விதத்தைத் தம் நூலில் விவரித்துவிட்டார். 1861-ல் இங்கிலாந்தில் தாமஸ் சட்டன் அதைப் போட்டோக் காமிராவுக்கு ஏற்றபடி அமைத்துக் காப்புரிமை பெற்றார். 35 மில்லிமீட்டர் பிலிமுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தது டிரெஸ்டன் நகரத்து எக்ஸாக்டா, வருஷம் 1936. பார்னாக் காலமானதும் அதே ஆண்டில்தான்.

வந்த கண்ணாடி சும்மா வரவில்லை. லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே குந்திக்கொண்டது. ஷட்டரை அழுத்தினால் எழுந்து வழிவிட வேண்டும். ஆரம்பத்தில் எழுந்தது எழுந்ததுதான். அடுத்த படத்துக்குப் பிலிமைச் சுற்றும் வரையில் எல்லாம் இருட்டு. காட்சி வலது இடமாகத் தெரிந்த குறையை 1949-ல் வந்த கான்டாக்ஸ், ஐந்து முகப் பட்டகம் ஒன்றைத் தலையில் வைத்துத் தீர்த்தது. எழுந்த கண்ணாடி தானே படுத்துக்கொள்ளும் வித்தையை ஜப்பானிய அஸாஹி கம்பெனி 1954-ல் சாதித்தது. ஹங்கேரியில் அதற்கு முன்பே ஒருவர் இதைச் செய்திருந்தார். ஆனால் அந்தக் காமிரா அதிகமாக வெளிவரவில்லை. அதே 1954-ல் லைகா தன் எம் 3-ஐ வெளியிட்டது. ஜன்னல் வழியே பார்க்கும் காமிராவில் அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை என்னும் அளவுக்கு அது நேர்த்தி. அந்தப் பாதையில் ஓடி அதை முந்துவது கஷ்டம் என்று கண்ட ஜப்பானியர் கண்ணாடிப் பாதையில் திரும்பினார்கள். 1959-ல் நிக்கான் எப் வந்தது. பிறகு அரை நூற்றாண்டு கண்ணாடி ராஜ்யம்தான்.

ராஜாங்கம் என்றால் செலவு இல்லாமலா? கண்ணாடி எழுந்து படுக்க இடம் வேண்டுமல்லவா? லைகாவில் லென்ஸ் பொருந்தும் விளிம்புக்கும் பிலிமுக்கும் இடைவெளி 27.8 மில்லிமீட்டர், நிக்கானில் 46.5. பெட்டி பருத்தது, லென்ஸ் பருத்தது, 'டக்' என்ற சத்தம் வேறு. இன்னொரு விசித்திரம்: கண்ணாடி எழுந்திருக்கும் அந்தக் கணத்தில்தான் படம் பதிகிறது, அந்தக் கணத்தில் மட்டும் படம் எடுப்பவருக்குக் கண் தெரியாது! தாலி கட்டும் சமயத்தில் மாப்பிள்ளைக்கு இமை மூடிக்கொள்வதைப் போன்ற சங்கடம் இது.

பருமனைக் கண்டு பொறுக்காதவர் ஒருவர் ஜப்பானில் இருந்தார். ஒலிம்பஸ் கம்பெனியின் யோஷிஹிஸா மைட்டானி. இளமையிலேயே லைகாவில் படம் எடுத்துப் பழகியவர். 1959-ல் 'பென்' என்ற குட்டிக் காமிராவைச் செய்தார். அதில் ஒரு படத்தின் அளவு பழைய 18×24! 1972-ல் கண்ணாடிக் காமிராவையே இளைக்க வைத்து 'எம் 1' என்று வெளியிட்டார். அந்த 'எம்' எங்களுடையது என்று லைட்ஸ் கம்பெனி ஆட்சேபித்ததால் 'ஓஎம் 1' ஆயிற்று.

பிலிமுக்குப் பதிலாக ஒளியை மின்சாரமாக மாற்றும் சில் வந்தபோதே கண்ணாடியின் ஆயுள் குறிக்கப்பட்டுவிட்டது. 1969-ல் பாய்ல், ஸ்மித் என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கு வழி கண்டார்கள். நாற்பது வருஷம் கழித்து நோபல் பரிசு வந்தது. 1975-ல் கோடாக் கம்பெனியின் ஸ்டீவன் ஸாசன் செய்த முதல் டிஜிட்டல் காமிரா, பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. லென்ஸ் பார்ப்பதைச் சில்லே நேரடியாகத் திரையில் காட்ட முடியுமானால் நடுவே கண்ணாடி எதற்கு? ஆனாலும் வேலையை விட்டுப் போகும் முன் அது ரொம்ப நாள் தாக்குப்பிடித்தது. தானாக போகஸ் செய்யும் கருவிக்கு ஒளியை அனுப்பும் உத்தியோகமும் அதற்குக் கிடைத்திருந்ததே காரணம். திரையில் காட்சி தெளிவாகவும் தாமதமின்றியும் தெரிய வேண்டும், சில்லே போகஸ் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் நாளாயிற்று.

2008-ல் பானாஸோனிக் ஜி 1 வந்தது. உள்ளே கண்ணாடியும் இல்லை, பட்டகமும் இல்லை. ஆனாலும் பழைய பழக்கத்துக்காகத் தலையில் அந்தத் திமில் மட்டும் இருந்தது. 2009 ஜூனில் ஒலிம்பஸ், மைட்டானியின் பென்னை நினைவூட்டும் புதிய பென்னை அறிவித்தது. அடுத்த மாதம் மைட்டானி கண்ணை மூடினார். 2013-ல் ஸோனி, 24×36 அளவுச் சில்லை வைத்து ஏ 7-ஐ வெளியிட்டது. 2018-ல் நிக்கானும் கேனனும் முழு மூச்சாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன.

இப்போது இரண்டாவது கேள்வி. 'புல்' என்று கடைக்காரர் கையை விரித்துக் காட்டுகிறாரே, அந்த 24×36 வேறு எதுவுமில்லை. சுமக்க முடியாத மனிதர் சுமையைக் குறைக்கப் பிடித்த அதே லில்லிபுட் அளவுதான். குள்ளன் இன்று ராக்ஷசன் ஆகிவிட்டான். ஏபிஎஸ்-ஸி என்ற அளவு அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. மைக்ரோ போர் தேர்ட்ஸ் ஏறக்குறையக் கால் பங்கு. இருபத்தேழில் ஒரு பங்குக்கு இறங்கிய மனிதரின் வாரிசுகள், கால் பங்கு போதுமா என்று இன்று சண்டை போடுகிறார்கள்.

பெரிய சில்லுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. பரப்பு அதிகமானால் சேரும் ஒளியும் அதிகம். கோயில் பிராகாரத்தில் விளக்கு வைக்கும் நேரத்தில் எடுத்தால் வித்தியாசம் தெரியும். முகத்தைத் தெளிவாக்கிப் பின்னணியைக் கரைப்பதும் சுலபம். ஆனால் கண்ணாடி போனதால் இளைத்தது பெட்டிதான். பெரிய சில்லுக்கான நீண்ட லென்ஸ் இளைக்கவில்லை. 300 மில்லிமீட்டர் லென்ஸ் பெரிய சில்லில் காட்டும் பறவையை, கால் பங்குச் சில்லில் 150 மில்லிமீட்டர் லென்ஸே காட்டிவிடும். வேடந்தாங்கலுக்கு நடக்கிற கழுத்துக்கு இது தெரியும். எனக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், ஆலோசகர்கள் பேச்சைக் கேட்டுப் பெரியதாக ஒன்று வாங்கினார். முதல் மாதம் எங்கு போனாலும் கழுத்தில் தொங்கிற்று. இப்போது பட்டுப் புடவைகளோடு பீரோவில் இருக்கிறது. பேரன் பிறந்த நாள் படமெல்லாம் டெலிபோனில்தான்.

ஆகையால் கடைக்குப் போகிறவர் பெட்டியை மட்டும் கையில் வாங்கிப் பார்த்து, "ஆகா, என்ன லேசு!" என்று ஏமாறக் கூடாது. எந்த லென்ஸை அதிகமாக மாட்டப்போகிறாரோ அதை மாட்டித் தரச் சொல்லிக் கால் மணி நேரம் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். காமிரா வாங்குவது ஒரு பெட்டியை வாங்குவது அல்ல, லென்ஸ் குடும்பத்தோடு சம்பந்தம் செய்துகொள்வது. பெண் அடக்கம்தான், சீர் செலவு தாங்குமா என்று முன்னாலேயே விசாரிக்க வேண்டும். வீட்டில் தாத்தா காலத்து லென்ஸ் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். கண்ணாடி போன இடம் காலியாக இருப்பதால், நடுவே ஒரு வளையத்தை வைத்துப் பெரும்பாலான பழைய லென்ஸ்களை மாட்டிக்கொள்ளலாம். போகஸ் மட்டும் கையால் செய்ய வேண்டும். திரையில் பார்க்கிற நேரமெல்லாம் பாட்டரி கரையும். உபரியாக ஒன்று பையில் இருக்கட்டும். பழைய கண்ணாடிக்குப் பார்ப்பதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பார்னாக் சொந்தமாக வைத்திருந்த மாதிரிக் காமிரா ஒன்று 2022-ல் ஏலத்துக்கு வந்து, கமிஷன் உள்பட 144 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. அதை யாரும் கழுத்தில் மாட்டிக்கொண்டு மலையேறப்போவதில்லை. கண்ணாடியைத் தானே படுக்கச் செய்த அஸாஹியின் காமிராக்கள் பென்டாக்ஸ் என்ற பெயரில் புகழ் பெற்றன. 2011-ல் அந்தத் தொழில் ரீக்கோ கம்பெனியின் கைக்கு மாறிற்று. மற்றவர்கள் கண்ணாடியைக் கைவிட்ட பிறகும் அந்தப் பெயரில் 2021-ல் புதிய கண்ணாடிக் காமிரா ஒன்று வந்தது. 2023-ல் அதையே, கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் எடுக்கும்படி மாற்றி இன்னொன்று செய்தார்கள். கண்ணை வைத்துப் பார்த்தால் காட்சி வர்ணமாகத்தான் தெரியும். படம் மட்டும் கறுப்பு வெள்ளையில் விழும்.