ஒரு மீட்டர், பதினோரு பேர்

2020 ஏப்ரல் 5, இரவு ஒன்பது மணி. ஒன்பது நிமிடம் விளக்கை அணைக்கச் சொல்லியிருந்தார் பிரதமர். மின்தேவை 12,000, 13,000 மெகாவாட் குறையலாம் என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். குறைந்ததோ 31,089 மெகாவாட்! ஆலையும் கடையும் மூடிக்கிடந்ததால், நாட்டின் மின்நுகர்வில் வீடுகளின் பங்கு வழக்கத்தைவிடப் பெரிதாகியிருந்தது. ஊரடங்கில் வீட்டு மின்சாரம் கூடியது என்று எல்லோரும் எழுதினோம். யார் வீட்டில், யார் காசில் என்பதை எழுதியவர்கள் குறைவு.

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1997 வரை ஒரு கிராமத்தின் எல்லைக்குள் எந்தத் தேவைக்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும், அது 'மின்வசதி பெற்ற கிராமம்'. ஊர்த்தெரு பண்ணையாரின் பம்புசெட் ஓடினாலே சேரிக்கும் சேர்த்து மின்சாரம் வந்ததாகக் கணக்கு. தலித் குடியிருப்பிலும் கம்பியும் மின்மாற்றியும் இருக்க வேண்டும், பத்து சதவீத வீடுகளுக்காவது இணைப்பு இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் வரையறை மாறியது 2004இல்தான். தமிழ்நாடு இதில் முந்திக்கொண்டது உண்மை. குடிசைக்கு ஒரு விளக்கு இலவசம் என்ற திட்டத்தில் மீட்டர் இல்லாத ஒற்றை பல்பு எங்கள் பாட்டிமார் வீடுகளுக்கு வந்தது. பிறகு குடிசை தொகுப்பு வீடானது, மீட்டர் வந்தது. 2006க்குப் பின் இலவச டிவி, 2011க்குப் பின் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. 2016இல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்.

இந்த நிலையில்தான் ஊரடங்கு வந்தது. நிவாரண அரிசி கொடுக்கப் போன ஒரு காலனியில் பார்த்தேன். அம்மா, மூன்று பிள்ளைகள், அவர்களின் குடும்பங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து ஒருவர் திரும்பியிருந்தார், பெங்களூரு கட்டட வேலையிலிருந்து இன்னொருவர். ஒரே பட்டா, ஒரே மீட்டர், பதினோரு பேர். மே மாத வெயிலில் தளம் கொதிக்க, நான்கு விசிறிகளும் ராத்திரி பகலாகச் சுற்றின. பள்ளி திறக்காததால் பிறகு கல்வித் தொலைக்காட்சியும் சேர்ந்துகொண்டது.

2022 செப்டம்பர் வரை இருந்த கட்டணத்தைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் ஓடினால் 1,100 ரூபாய், நிலைக்கட்டணம் தனி. 501 ஆனால் 1,736 ரூபாய் 60 காசு. கூடுதலாக ஓடிய ஒரே யூனிட்டின் விலை 636 ரூபாய்க்கு மேல்! ஐந்நூறைத் தாண்டினால் முதல் நூறு தவிர மற்ற எல்லா யூனிட்டும் உயர்ந்த விலைக்குப் போய்விடும். நிறையச் செலவழிப்பவர் வசதியானவர் என்ற எண்ணத்தில் போடப்பட்ட படிக்கட்டு இது. ஏசி வைத்த வீட்டு நாலு பேரும் விசிறிக்கடியில் படுத்த பதினோரு பேரும் மீட்டருக்கு ஒன்றுதான், அது தலையை எண்ணாது. தலைக்கு வகுத்தால் அந்த வீட்டில் ஆளுக்கு மாதம் 23 யூனிட்கூட இல்லை.

ரீடிங் எடுக்கவும் ஆள் வரவில்லை. போன முறை கட்டியதையே கட்டுங்கள் என்றது மின்வாரியம். பிறகு நான்கு மாதத்துக்கும் சேர்த்துக் கணக்கெடுத்து, இரண்டாகப் பிரித்து, கட்டியதைக் கழித்துக்கொண்டது. யூனிட்டைக் கழிக்காமல் பணத்தைக் கழித்தது சரியா என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2020 ஜூலையில் தள்ளுபடியானது. எதிர்க்கட்சி கறுப்புக்கொடி பிடித்தது. சண்டை முழுக்க எப்படி வகுப்பது என்பதில்தான். ஒரு மீட்டருக்குக் கீழே எத்தனை குடும்பம் என்று இரு தரப்பும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சென்னையில் ஒண்டுக்குடித்தனம் இருப்பவர்கள் கதை வேறு. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று மொத்தமாக வாங்கிக்கொள்வார். அரசு கொடுத்த 100 யூனிட் மாடி ஏறி இறங்கியதே இல்லை. ஊரடங்கில் வாடகையையே கடன் சொன்னவர்கள் கரண்ட் காசுக்கு வாய் திறக்க முடியுமா? ஸ்விட்சை அணைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். அங்கே போலீஸ் லத்தி.

அந்தக் காலனி அம்மா மீட்டர் அட்டையை எடுத்துவந்து காட்டினார். ஏப்ரலுக்கான வரி காலியாக இருந்தது. "இதுல எழுதலியே தம்பி, அப்ப கட்டணுமா வேணாமா?" என்று கேட்டார். அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டே, கட்ட வேண்டியிருக்கும்மா என்றேன்.