புகையிலைக் காசு போன வழி

 

பிள்ளையின் பாடசாலைப் பைக்குள் மாவாப் பக்கற் பிடிபட்டால் பிள்ளையை ஏசுகிறோம், பெற்றோரை ஏசுகிறோம், விற்றவரை ஏசுகிறோம். அந்தப் பிள்ளையை மீட்டெடுக்கும் செலவு யாருடையது என்று நாம் கேட்பதில்லை. இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போனது. கிணற்றுநீர் இறைத்துக் கன்று வளர்த்த கமக்காரர் அந்தக் காசில் கல்வீடு கட்டினார், பிள்ளைகளைப் படிப்பித்தார். அந்த வரவை எல்லோரும் எண்ணினார்கள். அதே புகையிலை தந்த நோயின் செலவை யாரும் எண்ணி வைக்கவில்லை.

அமெரிக்காவில் எண்ணினார்கள். 1994 இல் மிசிசிப்பி மாநிலச் சட்டமா அதிபர் மைக் மூர் சிகரட் கம்பனிகள் மீது வழக்குப் போட்டார். புகைத்து நோயாளியான ஏழைகளுக்கு அரசு வைத்தியம் பார்க்கிறது, அந்தச் செலவைக் கம்பனிகள் திருப்பித் தரவேண்டும் என்பதே வாதம். மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. 1998 நவம்பரில் 46 மாநிலங்களுடன் கம்பனிகள் உடன்பாட்டுக்கு வந்தன. முதல் 25 ஆண்டுகளுக்கு மட்டும் ஏறத்தாழ 206 பில்லியன் டொலர்.

ஆனால் அந்தப் பணத்தை இன்னதற்குத்தான் செலவழிக்கவேண்டும் என்று உடன்பாட்டில் எழுதவில்லை. பல மாநிலங்கள் வரவு செலவில் விழுந்த துண்டை அதனால் அடைத்தன. சில, வரப்போகும் பணத்தைக் காட்டிக் கடன்பத்திரம் விற்றன. வட கரோலினாவில் ஒரு பங்கு புகையிலைத் தொழிலுக்கே திரும்பிப் போனது. புகையிலை வரியும் இந்தப் பணமுமாக மாநிலங்களுக்கு வருவதில், தடுப்புக்கும் பழக்கத்தை விடுவிப்பதற்கும் போவது பல ஆண்டுகளாக நூற்றுக்கு மூன்றுகூட இல்லை.

தாய்லாந்து வேறு வழியில் போனது. 2001 இல் சட்டம் போட்டு, மது, புகையிலை வரிக்கு மேலதிகமாக 2 வீதத்தை அறவிட்டு நேராகச் சுகாதார மேம்பாட்டு நிதியத்துக்குக் கொடுத்தது.

எமது நாட்டில் வழக்கே மறுபக்கமாக நடந்தது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதைத் தடுத்தது. 2012 இல் சிகரட் பெட்டியில் 80 வீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போடச் சொன்னபோது, கம்பனி சுகாதார அமைச்சருக்கு எதிராக நீதிமன்றம் போனது. 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த அளவைக் குறைத்தது. 2015 இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 80 வீதத்தை மீட்டது. படம் வந்தது. சிகரட் வரியோ திறைசேரியின் பொதுக் கணக்கிலேயே கலக்கிறது.

வக்பு என்றால் என்ன என்று எமக்குத் தெரியும். மையவாடிக்கு எழுதிய காணியின் வருமானத்தை வேறொன்றுக்கு எடுக்க எவருக்கும் உரிமையில்லை. எமது சைவ உறவுகளின் தருமசாதன உறுதியும் அப்படித்தான். நோக்கத்தை எழுதிவைத்தால்தான் காசு போகவேண்டிய இடத்துக்குப் போகும்.

எனவே வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம் ஒன்று கேட்போம்: சிகரட், சாராய வரியில் ஒரு பங்கை போதைத் தடுப்புக்கும் சிகிச்சைக்கும் என்று சட்டத்திலேயே எழுதித் தருவீர்களா? பள்ளிவாசலிலோ கோயிலிலோ பழைய மாணவர் சங்கத்திலோ நாம் சேர்க்கும் நிதிக்கும் முதலில் நோக்கத்தை எழுதுவோம். உளவளத்துணையாளரிடம் பிள்ளையைக் கூட்டிப்போகும் பஸ் காசாக இருந்தாலும் சரி, அதற்கென்று எழுதியே வைப்போம்.