மோதிரமும் வெண்கலச் சிலையும்

மகள் வீட்டில், ஓஹையோவில், நான்கு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். "சார், அமெரிக்கா எப்படி இருந்தது, நயாகரா பார்த்தீர்களா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். ஆனால் என்னை யோசிக்க வைத்தது நயாகரா அல்ல. கான்டன் என்ற சிற்றூரில் இருக்கும் ஒரு மண்டபம். கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள் இங்கேயும் விடலாம், நான் பார்க்கப் போவதில்லை.

கால்பந்து என்றதும் மெஸ்ஸியை நினைக்காதீர்கள். இது அமெரிக்கக் கால்பந்து. ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், மோதுவார்கள். பந்தை எறிகிறவருக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். அவர்தான் தளபதி. 1920-ல் இந்த ஆட்டத்துக்கான தொழில்முறைச் சங்கம் இதே கான்டனில், ஒரு கார் விற்பனைக் கடையில், அணிக்காரர்கள் கூடிப் பேசியதில் பிறந்தது. அதுதான் இன்றைய என்எஃப்எல். அதனால்தான் 1963-ல் புகழ் மண்டபத்தையும் அங்கேயே திறந்தார்கள். முதல் ஆண்டில் 17 பேரைச் சேர்த்தார்கள். உள்ளே தேர்வான ஒவ்வொருவருக்கும் ஒரு வெண்கலத் தலைச்சிலை.

காரில் போகும்போது பேரன் ஒரு கணக்குச் சொன்னான். "தாத்தா, எத்தனை மோதிரம்னு பார்த்தாப் போதும்." சாம்பியன் அணிக்காரர்களுக்கு ஆளுக்கொரு பெரிய மோதிரம் செய்து தருவார்கள். மோதிரம் இருந்தால் மண்டபத்தில் இடம் உண்டு, இல்லாவிட்டால் கஷ்டம் என்பது அவன் வாதம். சரித்திர வாத்தியாரிடம் ஒரு சூத்திரத்தைச் சொன்னால் சும்மா விடுவேனா?

முதலில் தேர்வு முறையைச் சொல்லிவிடுகிறேன். வீரர் ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆக வேண்டும். தேர்வுக் குழுவில் பெரும்பாலும் பத்திரிகைக்காரர்கள். அந்த வீரரின் ஆட்டத்தைப் பல ஆண்டுகள் பார்த்த ஒருவர் எழுந்து அவருக்காகப் பேசுவார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். கடைசியில் 100-க்கு 80 பேர் சரி என்றால்தான் உள்ளே. களத்தில் செய்ததை மட்டும் பார்க்க வேண்டும் என்பது விதி. கோப்பை வென்றிருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் விதியில் இல்லாதது மனதில் இருக்கும் அல்லவா?

பேரன் சொன்னதில் பாதி உண்மை. ஜோ நாமத் என்ற குவாட்டர்பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் கணக்கில் அவர் எறிந்த பந்தில் வந்த டச்டவுன் 173. எதிரணி பறித்துக்கொண்டது 220. நம் பள்ளிக் கணக்கில் இது பாஸ் மார்க்குக்கே இழுபறி. ஆனால் 1969 ஜனவரியில் மூன்றாவது சூப்பர் பவுல். எல்லோரும் பால்டிமோர்தான் வெல்லும் என்றார்கள். இவர் மட்டும் முன்கூட்டியே "நாங்கள்தான் ஜெயிப்போம், உத்தரவாதம் தருகிறேன்" என்றார். நியூயார்க் ஜெட்ஸ் 16-7 என்று வென்றது. இளக்காரமாகப் பார்க்கப்பட்ட ஒரு லீக்குக்கே அந்த வெற்றி மரியாதை வாங்கித் தந்தது. 1985-ல் நாமத் மண்டபத்தில் நுழைந்தார். அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் அவர் சிலை அங்கே இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பிட்ஸ்பர்க் அணி 1974 சீசன் தொடங்கி ஆறு ஆண்டுகளில் நான்கு சூப்பர் பவுல் வென்றது. அதில் லின் ஸ்வான் என்ற பந்து பிடிப்பவர் வாழ்நாள் முழுக்கப் பிடித்தது 336 பந்துகள்தான். ஆனால் பத்தாவது சூப்பர் பவுலில் நான்கே பந்துகளைப் பிடித்து 161 கஜம் எடுத்தார். அன்று ஆட்ட நாயகன் அவரே. அவருக்கும் 2001-ல் இடம் கிடைத்தது. எனினும் பல முறை இறுதிப் பட்டியல் வரை வந்து திரும்பிய பிறகுதான். மோதிரம் நான்கு இருந்தும் பத்தாண்டுக்கு மேல் வாசலில் நின்றார்.

இனி மறுபக்கம். ஜிம் பிளங்கெட் என்ற குவாட்டர்பேக் ரெய்டர்ஸ் அணிக்கு இரண்டு சூப்பர் பவுல் வென்று கொடுத்தார். ஒன்றில் ஆட்ட நாயகனும் அவரே. 1986-ல் ஆடி முடித்தார். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் காத்தும் இடமில்லை. ஈலை மேனிங் இரண்டு சூப்பர் பவுலிலும் ஆட்ட நாயகன். ஆனால் லீக் ஆட்டங்களில் அவர் தொடங்கியவற்றில் 117 வெற்றி, 117 தோல்வி. 2025-ல் முதன்முறை பெயர் வந்தபோது தேர்வாகவில்லை.

ஜிம் கெல்லி பஃபலோ அணியை வரிசையாக நான்கு ஆண்டுகள் சூப்பர் பவுலுக்கு அழைத்துப் போனார். நான்கிலும் தோல்வி. ஒரு மோதிரமும் இல்லை. 2002-ல் முதல் முயற்சியிலேயே தேர்வானார். நான்கு முறை அங்கே போய்ச் சேர்வதே எவ்வளவு பெரிய காரியம் என்று குழுவினர் கண்டுகொண்டார்கள். சிகாகோவின் டிக் பட்கஸும் கேல் சேயர்ஸும் கோப்பை கிடக்கட்டும், பிளேஆஃப் சுற்றில்கூட ஒரு ஆட்டம் ஆடியதில்லை. சேயர்ஸ் முழங்கால் காயத்தால் மொத்தம் 68 ஆட்டங்கள்தான் ஆடினார். இருவரும் உள்ளே. சேயர்ஸ் நுழைந்தபோது வயது 34. அவரைவிட இளையவர் யாரும் நுழைந்ததில்லை.

இதையெல்லாம் அடுக்கியபோது எனக்கு ஒன்று பட்டது. தளபதி இடத்தில் ஆடுகிறவரிடம்தான் "கோப்பை எங்கே?" என்று முதலில் கேட்கிறார்கள். ஓடுகிறவரிடமும் தடுக்கிறவரிடமும் அவ்வளவாகக் கேட்பதில்லை. பதினொரு பேர் சேர்ந்து ஜெயித்ததையும் தோற்றதையும் ஒருவர் கணக்கில் எழுதுவது உலக வழக்கம். ராஜராஜன் கோயில் கட்டினான் என்று நாமே எழுதவில்லையா?

அதிக வெற்றியே இடைஞ்சலான கதையும் உண்டு. கிரீன் பே அணி 1961-லிருந்து 1967-க்குள் ஐந்து சாம்பியன் பட்டம் வென்றது. ஜெர்ரி கிரேமர் அதில் முன்வரிசைத் தடுப்பாளர். அந்த இடத்தில் ஆடுகிறவருக்கு ஓட்டக் கணக்கோ எறிதல் கணக்கோ கிடையாது. பிறருக்கு வழி திறந்துவிடுவதுதான் வேலை. 1967 டிசம்பர் 31, உறைபனி. ஆட்டம் முடியச் சில நொடிகள். கிரேமர் எதிரியைத் தள்ளித் திறந்த இடுக்கில்தான் பார்ட் ஸ்டார் பாய்ந்து 21-17 என்று வென்றார்கள். லீக்கின் ஐம்பதாண்டுச் சிறப்பு அணியிலும் கிரேமருக்கு இடம் கொடுத்தார்கள். ஆனால் மண்டபத்தில்? பத்து முறை இறுதிப் பட்டியல், பத்து முறையும் இல்லை. அந்த அணியிலிருந்து பத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். "இன்னும் ஒருவரா?" என்ற எண்ணம் குறுக்கே நின்றது என்று பலரும் சொல்கிறார்கள். கடைசியில் 2018-ல் சேர்த்தார்கள். அப்போது அவருக்கு வயது 82.

இப்போது என்னை நிற்க வைத்த இடத்துக்கு வருகிறேன். சிலைகளைத் தேர்வான ஆண்டு வரிசைப்படி வைத்திருக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டு நால்வர். அதில் டான் மரீனோ. மயாமி அணிக்கு 17 சீசன் ஆடினார். 1984-ல் ஒரே சீசனில் 5,084 கஜம், 48 டச்டவுன். அதுவரை யாரும் தொடாத உயரம். ஓய்வு பெறும்போது 420 டச்டவுன், 61,361 கஜம், இரண்டுமே சாதனை. சூப்பர் பவுலுக்கு ஒரே முறை போனார், தோற்றார். அப்போது வயது 23. இன்னும் பல முறை வருவோம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு வரவே முடியவில்லை. ஆனாலும் ஐந்தாண்டு முடிந்ததும் உடனே தேர்வு.

அவரோடு ஸ்டீவ் யங். சான் பிரான்சிஸ்கோவில் ஜோ மொன்டானாவுக்கு மாற்று ஆளாகப் பல ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்தவர். அப்படி உட்கார்ந்தே இரண்டு மோதிரம் வந்தது. யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. 1995 ஜனவரியில் தானே ஆடி, ஆறு டச்டவுன் எறிந்து வென்ற பிறகுதான் ஊர் வாயை மூடியது. ஆக மோதிரத்திலும் ரகம் உண்டு.

மூன்றாமவர் பென்னி ஃபிரீட்மன், முப்பதுகளில் ஆடி முடித்தவர். நான்காமவர்தான் ஃபிரிட்ஸ் பொலார்டு. பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு நான் நகரவில்லை.

பொலார்டு கறுப்பினத்தவர். 1920-ல், லீக் தொடங்கிய அதே ஆண்டில், அக்ரன் அணிக்கு ஆடினார். அக்ரன் எங்கே என்கிறீர்களா? கான்டனிலிருந்து காரில் அரை மணி நேரம். அந்த ஆண்டு அக்ரன் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. 8 வெற்றி, 3 சமன். அப்போது இறுதிப் போட்டி என்று ஒன்று கிடையாது. மறு ஆண்டு கூட்டம் போட்டு அக்ரன்தான் சாம்பியன் என்று அறிவித்தார்கள். லீக்கின் முதல் சாம்பியன்! 1921-ல் அதே அணிக்குப் பயிற்சியாளராகவும் பொறுப்பேற்றார். அந்த லீக்கில் அப்படி நின்ற முதல் கறுப்பர் அவரே. பிறகு 1934-லிருந்து 1945 வரை லீக்கில் ஒரு கறுப்பருக்கும் இடம் தரவில்லை. எழுதாத சட்டம்.

மண்டபம் 1963-ல் திறந்தது. பொலார்டு 1986 வரை உயிரோடு இருந்தார். இருபத்து மூன்று ஆண்டுகள். முதல் கோப்பை அவரிடம் இருந்தது. அழைப்பு வரவில்லை. வந்தபோது அவர் இறந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கோப்பையே இல்லாத மரீனோ ஐந்தாண்டில் வந்தார். முதல் கோப்பையை வென்ற பொலார்டு 85 ஆண்டில் வந்தார். பேரனிடம் இரண்டு சிலைகளையும் காட்டினேன். "இப்போ உன் கணக்கைச் சொல்லுடா." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "அப்போ அவர் ஆடினதைப் பார்த்தவங்க யாருமே பேசலையா தாத்தா?" என்றான்.

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. அதற்குக் காரணம் உண்டு. சொல்லிவிடுகிறேன்.

1990-களில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தபோது ஆண்டு விழாவுக்குச் சிறந்த விளையாட்டு வீரர் விருது. தேர்வுக் குழுவில் மூன்று பேர், நானும் ஒருவன். இரண்டு பெயர்கள் வந்தன. ஒருவன் மாவட்ட அளவில் கோப்பை வென்ற வாலிபால் அணியில் இருந்தவன். நல்ல பையன், அவன்மீது குற்றமில்லை. இன்னொருவன் கபடி ஆடியவன். அவன் அணி மாவட்டத்தில் முதல் சுற்றிலேயே தோற்றது. ஆனால் அந்த ஆட்டத்தை நான் நேரில் பார்த்தேன். ஐந்து பேர் அவுட் ஆன பிறகும் தனியாக ரெய்டு போய்ப் போய்ப் புள்ளி எடுத்து வந்தான். முழங்கையில் ரத்தம். அவ்வளவு நல்ல ஆட்டத்தை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

குழுவில் அவனுக்காகப் பேச வேண்டியவன் நான் மட்டும்தான். மற்ற இருவரும் அந்த ஆட்டத்துக்கு வரவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஜெயிச்ச டீம்ல இருக்கிறவனுக்கே கொடுத்திடலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க." இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. விழாவில் அவன் கைதட்டியதையும் பார்த்தேன்.

கோப்பை ஒரு விளக்கு மாதிரி. அது எரிகிற பக்கம் நாம் சுலபமாகப் பார்த்துவிடுகிறோம். வென்றவன் திறமைசாலியாகவும் இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் வெளிச்சம் படாத இடத்தில் ஆடியவனுக்குப் பார்த்த ஒருவர் எழுந்து பேசினால்தான் உண்டு. பட்கஸுக்கும் சேயர்ஸுக்கும் பேச ஆள் இருந்தார்கள். பொலார்டுக்கு அவர் காலத்தில் இல்லை. என் மாணவனுக்கு நான் இருந்தும் பேசவில்லை.

தம்பி, நீ இந்தப் பதிவைப் படிப்பாய் என்று நினைக்கிறேன். உன் பெயரை இங்கே எழுதவில்லை, உனக்கே தெரியும். அந்த விருது உனக்கு வந்திருக்க வேண்டியது. இத்தனை வருடம் சொல்லாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா.

அன்று அந்த மைதானத்தில் இருந்த மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் பார்த்ததைக் கீழே எழுதுங்கள். என் நினைவில் தவறு இருந்தால் திருத்துங்கள். எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்க மாட்டேன்.