தாவல் பட்டி (பல்தளச் செயலிகளில்)

கைபேசிச் செயலியின் அடியில் படமும் சிறு பெயருமாக நிற்கும் பொத்தான் வரிசை. ஒன்றைத் தொட்டால் அதற்குரிய பக்கம் திறக்கும். ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் ஒரே நிரலில் செயலி எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவ் (2015), ஃப்ளட்டர் (2018-இல் முதல் நிலைப்பதிப்பு) இரண்டிலும் இதைச் சேர்க்கலாம்.

சுவாமிமலையில் மெழுகு வார்ப்பில் படிமம் செய்யும் பட்டறை ஒன்றுக்குச் செயலி எழுதுவதாகக் கொள்வோம். ‘படிமங்கள்’, ‘வார்ப்பு’, ‘ஆர்டர்’, ‘தொடர்பு’ என நான்கு தாவல்கள் போதும். மூன்று முதல் ஐந்து வரை என்பதே கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு சொல்லும் அளவு.

ஃப்ளட்டரில் திரையின் சட்டகமான ஸ்கஃபோல்டின் அடியில் தாவல் பட்டிக்கான நேவிகேஷன்பாரை வைத்து, தேர்ந்த தாவலின் எண்ணை ஒரு மாறியில் காத்து, தொட்டதும் திரையைப் புதுப்பிக்கும் செட்ஸ்டேட்டை அழைக்க வேண்டும். எண் 0-இல் தொடங்கும். பலர் தவறுவது அடுத்த படியில். பக்கத்தை மாற்றினால் மட்டும் போதாது. நடராசர் படிமங்களை ஐம்பதாவது வரை உருட்டிப் பார்த்தவர் ‘தொடர்பு’ போய்த் திரும்பினால் பட்டியல் மறுபடி உச்சியில் நிற்கும். எல்லாப் பக்கங்களையும் கலைக்காமல் வைத்து ஒன்றை மட்டும் காட்டும் இண்டெக்ஸ்டுஸ்டாக்கில் அவற்றை அடுக்கினால் விட்ட இடம் அப்படியே இருக்கும். நினைவகம் சற்றுக் கூடும். அந்தச் செலவு தகும். ரியாக்ட் நேட்டிவில் ரியாக்ட் நேவிகேஷன் நூலகத்தின் அடித்தாவல்கள் விட்ட இடத்தைத் தாமே காத்துக்கொள்ளும்.

தமிழ்ப் பெயர்களுக்குத் தனிக் கவனம் தேவை. ‘வாடிக்கையாளர் சேவை’ இடம் கொள்ளாது, ‘உதவி’ போதும். பெயரை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் வைப்பது தீர்வல்ல. ‘பீ’யின் மேற்சுழியும் ‘பு’வின் கீழ்க்கோடும் வெட்டுப்படாதபடி வரி உயரத்தைக் கூட்டி, எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் முதியவரின் கைபேசியிலும் சோதிக்க வேண்டும்.