சீட்டுக்கட்டும் செம்பரம்பாக்கம் ஏரியும்

சீட்டாட்டம் என்றதும் பெரியோர் முகம் சுளிப்பர். பணம் வைத்து ஆடிக் குடும்பத்தைக் கெடுத்துக்கொண்டோர் கதை ஊருக்கு ஊர் உண்டு. ஆனால், விளைவு தெரியாதபோது எப்படி முடிவு செய்வது என்னும் கணக்கு பிறந்தது சூதாட்ட மேசையில்தான். சென்னைக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையை அடுத்துப் பரந்து கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரியின் மதகைத் திறப்பதற்கும் அதே கணக்கு வேண்டியிருக்கிறது. எப்படி என்று காண்போம்.

ஆட்டத்தில் பிறந்த கணக்கு

1654-இல் பிரெஞ்சு நாட்டில் ஒரு கேள்வி எழுந்தது. பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை இருவருக்கும் எப்படிப் பங்கிடுவது? பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்கள் வழியே விடை கண்டனர். நிகழ்தகவுக் கணிதம் அங்கிருந்து வளர்ந்தது. வான் நாய்மனும் மார்கன்ஸ்டெர்னும் 1944-இல் வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் போக்கர் என்னும் சீட்டாட்டத்தையும் ஆராய்ந்தனர்.

போக்கரில் ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். கையில் இரண்டு, மேசையில் நான்கு என ஆறு சீட்டுகள் நமக்குத் தெரியும். அவற்றில் நான்கு இஸ்பேட். இன்னும் ஒரு சீட்டுதான் திறக்கப்படும். அதுவும் இஸ்பேட் ஆனால் வெற்றி, இல்லையேல் தோல்வி என்று கொள்வோம். தெரியாத சீட்டுகள் 46. அவற்றில் இஸ்பேட் 9. நடுவில் 400 ரூபாய் இருக்கிறது. ஆட்டத்தில் நீடிக்க நாம் 100 ரூபாய் வைக்கவேண்டும். வைக்கலாமா?

இதே நிலை 46 முறை வருவதாக எண்ணுங்கள். சராசரியாக 9 முறை வென்று 3,600 ரூபாய் பெறுவோம்; 37 முறை தோற்று 3,700 இழப்போம். ஆகவே வைக்கக் கூடாது. நடுவில் 500 இருந்தால் வரவு 4,500, வைக்கலாம். வாய்ப்பு மாறவில்லை, முடிவு மாறிவிட்டது! வாய்ப்பை மட்டும் பார்த்தால் போதாது. அதனால் வரும் இலாப நட்டத்தையும் சேர்த்து எடை போடவேண்டும்.

வெள்ளத்தின் கணக்கு

இக்கணக்கை வெள்ளத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் நம் நாட்டு அறிஞர் மகலனோபிஸ். 1922-இல் வட வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தது. அதன்பின் அவர் பல்லாண்டு மழைப் பதிவுகளைத் தொகுத்து, வெள்ளம் எவ்வளவு அடிக்கடி வரக்கூடும் என்று ஆராய்ந்தார்.

இனி ஏரிக்கு வருவோம். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னையின் குடிநீருக்கு இது ஓர் ஆதாரம். உபரிநீர் அடையாற்றில் இறங்கும். மழைக்கு முன்பே நீரைத் திறந்துவிட்டு, மழை பொய்த்தால் கோடையில் குடங்கள் வெறுமையாகும். திறக்காதிருந்து பெருமழை பெய்தால் ஆற்றங்கரை மூழ்கும்.

எடுத்துக்காட்டாக, வெள்ளத்தின் இழப்பு வீணாகும் நீரின் இழப்பைப்போல் பத்து மடங்கு என்று கொள்வோம். பதினொரு முறையில் ஒருமுறைதான் மழை வரும் என்றால் இரண்டு பக்கமும் சமம்: திறந்தால் பத்துமுறை சிறு நட்டம், திறக்காவிட்டால் ஒருமுறை பெருநட்டம். வாய்ப்பு அதற்குமேல் சற்றே கூடினாலும் திறப்பதே சரி. மழை உறுதியாகட்டும் என்று காத்திருப்பதும் ஒரு பந்தயமே!

2015 டிசம்பர் 1

2015 நவம்பர் முழுவதும் பெய்த மழையால் ஏரி நிறைந்து வந்தது. டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாயின. நீர்த்திறப்பு விநாடிக்கு 29,000 கன அடியாக உயர்ந்தது. மற்ற ஏரிகளின் நீரும் சேர, அடையாறு கரை புரண்டது. சென்னையின் பல பகுதிகள் மூழ்கின. உயிர்கள் பல மாண்டன. இது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றது 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்தியத் தணிக்கை அறிக்கை. விதிப்படியே திறந்தோம் என்பது அரசின் விளக்கம்.

2019 கோடையில் அதே ஏரி வறண்டு வெடித்தது. 2020 நவம்பர் 25 அன்று நிவர் புயல் நெருங்கியபோது, நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும் 1,000 கன அடியுடன் மதகு திறக்கப்பட்டது. பிறகு படிப்படியாகக் கூட்டப்பட்டது.

விளைவை மட்டும் வைத்து முடிவை அளப்பது தவறு. நட்டக் கணக்கில் பணம் வைத்தவனுக்கும் ஒருமுறை இஸ்பேட் வந்துவிடலாம். அதனால் அவன் கணக்கு சரியாகிவிடாது. முன்கூட்டித் திறந்தபின் மழை தவறினால், திறந்த பொறியாளரை ஏசுவதும் அப்படிப்பட்டதே. ஏச்சுக்கு அஞ்சி அவர் காத்திருந்தால், அடுத்த பெருமழையில் நட்டம் அவருடையதாக இராது. ஆற்றங்கரையில் வாழ்பவர்களுடையதாகவே இருக்கும்.