வீரசேனர் மீட்சி

கூனிமேடு, மரக்காணம் ஆகிய உப்பளக் கரையூர்களினின்று மேற்கே திண்டிவனத்தைக் கடந்து செஞ்சி நோக்கிச் செல்வார்க்கு அணித்தே உள்ளது மேற்சித்தாமூர். தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இவ்வூரினது. மடத்தலைவர் இலக்குமிசேன பட்டாரகர் என்னும் பட்டப்பெயர் பூண்பர். இங்குள்ள மலைநாதர் கோயிற் பாறைச் சிற்பங்களை நோக்க, சமணம் இந்நாட்டில் ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக வேரூன்றியது என்பது தெளிவு. ஆயின் இடையே அவ்வேர் அறுபட்டதென ஒரு கதை வழங்குகிறது.

செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்பான் சமணரிடம் மகட்கொடை வேண்டினான். அவர்கள் இசைந்தார் போலக் காட்டி, மணவீட்டில் நாயைக் கட்டிவிட்டு நீங்கினர். சினந்த மன்னன் சமணர் தலைகளைக் கொய்யுமாறு ஆணையிட்டான். உயிர் தப்பிய வீரசேனர் சமண வெள்குளம் சென்று கற்றார். தாயனூர்க் காங்கேய உடையார் என்பார் அவரை அழைத்து வர, சமயம் மீண்டும் தளிர்த்தது. இக்கதை 1906இல் வெளிவந்த தென்னார்க்காட்டு மாவட்டக் குறிப்பேட்டிலும் இடம் பெற்றுள்ளது.

நிகழ்ச்சிக்குக் கூறப்படும் ஆண்டு 1478. செஞ்சி நாயக்கர் ஆட்சி பதினாறாம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றது என்பார் கூற்றோடு இது முரணும். ஆண்டு பிழை எனின் கதையும் பொய்யோ? அன்று என்பதே எம் கருத்து. புனைந்துரைப்போர் தம் முன்னோர்க்கு வெற்றியையும் அரசர் கொடையையும் ஏற்றுவர். இங்கோ எஞ்சியவர் அச்சமும், வேற்றூர் சென்று கற்றுவந்த ஒருவரின் உழைப்புமே கூறப்படுகின்றன.

மேலைநாட்டிலும் இதனோடு ஒப்பிடத்தக்கது ஒன்று உண்டு. பெனடிக்டு முனிவர் இத்தாலியில் நிறுவிய மான்டே கசீனோ மடம் ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலம்பார்டியரால் அழிந்தது; துறவியர் உரோமை சென்றனர். ஏறத்தாழ 718இல் பெத்ரோனாக்சு என்னும் தலைவர் அதனை மீட்டமைத்தார். அவர் மலையேறியபோது எளிய மாந்தர் சிலர் அங்கு வாழ்ந்திருந்தனர் என்பது பவுல் என்னும் வரலாற்றாசிரியர் குறிப்பு.

எனினும் வேற்றுமை பெரிது. பெத்ரோனாக்சுக்குப் பின்னே உரோமைத் தலைமைக் குருவின் தூண்டுதல் இருந்தது. அவரைச் சூழத் துறவியர் கூடினர். பட்டாரகரோ பெரும்பாலும் தனித்துறவி. அவர் மடத்தைத் தாங்குவோர் இல்லறத்து நயினார்களே. வீரசேனர் திரும்பியபோது அவரை எதிர்கொண்டிருக்கக் கூடியவர், நெற்றிக் குறி மாற்றி, வாய்திறவாது உழவு செய்திருந்த அந்நயினார்களே ஆவர்.